லிங்கன் நடத்திய போர் எதற்காக? 40 லட்சம் அடிமைகள், 4 ஆண்டு ரத்தம், தூத்துக்குடி வரை எகிறிய பருத்தி விலை!

ஒவ்வொரு ஆண்டும் ஆசிரியர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் சுற்றும். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆபிரகாம் லிங்கன் அவனுடைய ஆசிரியருக்கு எழுதியது என்று சொல்வார்கள். உண்மையில் அதை லிங்கன் எழுதியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அவர் நிஜமாகவே கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் உண்டு. பல லட்சம் மனிதர்களின் தலையெழுத்தை மாற்றிய காகிதம் அது. அந்தக் கையெழுத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நாடே இரண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டது.

அடிமை முறையை ஒழிப்பதற்காகவே லிங்கன் போர் தொடுத்தார் என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். கதை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. பதவியேற்கும்போது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் கை வைக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தவர் அவர். அப்படியென்றால் போர் ஏன் வந்தது? வாக்கு கொடுத்தவர் ஏன் மாறினார்? இதற்கும் நம்ம ஊர் கரிசல் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

மரக்குடிசையில் பிறந்தவர்

1809 பிப்ரவரி 12. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசையில் பிறந்தார் லிங்கன். அப்பா தாமஸ் விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். 7 வயதில் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. 9 வயதில் அம்மா நான்சி இறந்துபோனார். விஷச்செடியை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்ததால் வந்த நோய் அது. அடுத்த ஆண்டு வீட்டுக்கு வந்த சிற்றன்னை சாரா, லிங்கனைத் தன் பிள்ளை போலவே வளர்த்தார்.

வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் லிங்கன் பள்ளிக்குப் போன நாட்கள் ஓராண்டைத் தொடாது. மரம் வெட்டினார், வேலி போட்டார், படகு ஓட்டினார். படகில் சரக்கு ஏற்றிக்கொண்டு இளம் வயதில் இரண்டு முறை நியூ ஆர்லியன்ஸ் போய் வந்தார். அடிமைச் சந்தைக்குப் பெயர்போன நகரம் அது.

பிறகு இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூரில் கடை வைத்தார். கடை படுத்துவிட்டது, கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆனது. தபால் அதிகாரி, நில அளவையாளர் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். சட்டப் புத்தகங்களைத் தானே படித்து வக்கீல் ஆனார். 1834-ல் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1842-ல் மேரி டாட் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மேரியின் பிறந்த வீடு அடிமைகள் வைத்திருந்த கென்டக்கிக் குடும்பம். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நாட்டின் பிறப்பிலேயே இருந்த விரிசல்

லிங்கன் வளர்ந்த காலத்தைப் புரிந்துகொள்ள, ஒரு செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்தி.

1787-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியபோதே அடிமை முறை பெரிய சிக்கலாக இருந்தது. அதைத் தீர்க்காமல் சமாளித்தார்கள். பிரதிநிதிகள் அவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிட, 5 அடிமைகளை 3 பேராக எண்ணலாம் என்று முடிவானது. அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவர்களின் தலைக்கணக்கால் எஜமானர்களுக்குக் கூடுதல் அதிகாரம்!

அடிமை முறை தானாகவே மங்கிவிடும் என்று அன்று பலர் நம்பினார்கள். 1793-ல் எலி விட்னி என்பவர், பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதுவரை கையால் கொட்டை எடுப்பதே பெரும்பாடு. இயந்திரம் வந்ததும் பருத்தி, பணம் கொட்டும் பயிராகிவிட்டது. பருத்தி பெருகப் பெருக அதைப் பறிக்கும் கைகளும் தேவைப்பட்டன. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை, 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் ஆனது. அமெரிக்காவின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்து வந்தது.

வடக்கிலோ நிலைமை வேறு. அங்கே தொழிற்சாலைகள், ரயில் பாதைகள், கூலிக்கு உழைக்கும் தொழிலாளர்கள். வடமாநிலங்கள் ஒவ்வொன்றாக அடிமை முறையைக் கைவிட்டன. அதற்காக வடக்கு புனிதமாகிவிடவில்லை. தெற்கின் பருத்தியில் லாபம் பார்த்த நியூயார்க் வங்கிகளும் நெசவாலைகளும் அங்கேதான் இருந்தன.

சண்டை எங்கே முற்றியது என்றால், மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களில். அங்கே உருவாகும் மாநிலங்களில் அடிமை முறை இருக்கலாமா, கூடாதா? 1820-ல் ஒரு கோடு கிழித்து, அதற்கு வடக்கே கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1854-ல் வந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அங்கே குடியேறுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. விளைவு, இரு தரப்பும் கான்சாஸில் ஆட்களைக் குவித்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பெரிய போருக்கான ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது.

1847 முதல் 1849 வரை பிரதிநிதிகள் அவையில் இருந்துவிட்டு வக்கீல் தொழிலுக்குத் திரும்பியிருந்த லிங்கனை, மீண்டும் அரசியலுக்கு இழுத்து வந்தது இந்தச் சட்டம்தான்.

தோற்றுப் பெரியவர் ஆன தேர்தல்

புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சியில் சேர்ந்தார் லிங்கன். அவருடைய நிலைப்பாடு இதுதான். அடிமை முறை தவறு. இருக்கும் இடத்தில் அதை ஒழிக்கச் சட்டப்படி மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் புதிய நிலங்களுக்கு ஒரு அடி கூட அதைப் பரவ விடக்கூடாது. பரவாமல் தடுத்தால் காலப்போக்கில் அது தானாகச் செத்துவிடும்.

இதற்கிடையே 1857-ல் உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது, புதிய நிலங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். நாடு கொதித்தது.

1858-ல் செனட் பதவிக்காக ஸ்டீபன் டக்ளஸை எதிர்த்து நின்ற லிங்கன், அவருடன் 7 ஊர்களில் நேருக்கு நேர் விவாதித்தார். கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தவரே இந்த டக்ளஸ்தான். பதவி டக்ளஸுக்குப் போனது. ஆனால் அந்த விவாதங்களைப் பத்திரிகைகள் நாடெங்கும் கொண்டுபோக, தோற்றவர் தேசியத் தலைவர் ஆனார். அதே விவாதங்களில், வெள்ளையரும் கறுப்பரும் சமூக, அரசியல் ரீதியில் சமம் என்று தான் வாதிடவில்லை என்றும் லிங்கன் பேசியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது இதை மறைக்க முடியாது.

1860 அதிபர் தேர்தலில் 4 பேர் மோதினார்கள். லிங்கனுக்குக் கிடைத்த மக்கள் வாக்கு 40 சதவீதத்துக்கும் குறைவு. தென் மாநிலங்கள் பலவற்றில் அவர் பெயருக்கு ஓட்டுச்சீட்டே கிடையாது. இருந்தாலும் வட மாநிலங்களை அள்ளியதால், தேர்வாளர் வாக்குகள் 303-ல் 180 பெற்று ஜெயித்தார். தெற்கு இதை எப்படிப் பார்த்தது? எங்களில் யாருமே ஓட்டுப் போடாத ஒருவர் எங்களுக்கு அதிபர் ஆக முடிகிறது, இனி இந்த நாட்டில் எங்களுக்கு என்ன இடம் என்று பார்த்தது.

1860 டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது. அடுத்தடுத்து 6 மாநிலங்கள். லிங்கன் பதவியேற்ற 1861 மார்ச் 4-க்கு முன்பே ஜெபர்சன் டேவிஸை அதிபராகக் கொண்டு தனிக் கூட்டமைப்பு உருவாகிவிட்டது. இந்த டேவிஸும் கென்டக்கியில் பிறந்தவர், லிங்கனைவிடச் சில மாதங்களே மூத்தவர் என்பது வரலாற்றின் விசித்திரம்.

காரணம் அடிமை முறையா, மாநில உரிமையா?

மாநில உரிமைக்காகத்தான் தெற்கு போராடியது, அடிமை முறை ஒரு சாக்கு என்று இன்றும் அமெரிக்காவில் வாதிடுபவர்கள் உண்டு. மாநில சுயாட்சி பேசும் மண்ணில் இருக்கும் நமக்கு அந்தச் சொல் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன.

தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகியவை ஏன் பிரிகிறோம் என்று விளக்க அறிக்கை வெளியிட்டன. அவற்றில் முதன்மைக் காரணமாக இருப்பது அடிமை முறைதான். கூட்டமைப்பின் அரசியல் சாசனம், அடிமைகளைச் சொத்தாக வைத்துக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகவே காப்பாற்றியது. அதன் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், இன ஏற்றத்தாழ்வே தங்கள் அரசின் அஸ்திவாரம் என்ற பொருளில் பேசினார்.

இன்னொன்று. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற 1850-ம் ஆண்டுச் சட்டத்தை, வட மாநிலங்கள் தங்கள் மாநிலச் சட்டங்களால் தடுக்கப் பார்த்தன. அப்போது மத்திய அரசு தலையிட்டு அடக்க வேண்டும் என்று கேட்டது இதே தெற்குதான். ஆக, மாநில உரிமை அவர்களுக்கு ஒரு கருவி. எதைக் காப்பாற்ற அந்தக் கருவி என்பதுதான் கேள்வி.

90 நாள் என நினைத்தது 4 ஆண்டு ஆனது

1861 ஏப்ரல் 12. தென் கரோலினாவின் சம்டர் கோட்டையில் இருந்த மத்தியப் படை மீது கூட்டமைப்பு குண்டு வீசியது. லிங்கன் 90 நாள் பணிக்காக 75,000 தன்னார்வலர்களை அழைத்தார். சொந்தச் சகோதரர்கள் மீது படை எடுக்க மாட்டோம் என்று விர்ஜினியா உட்பட மேலும் 4 மாநிலங்கள் பிரிந்தன. மொத்தம் 11. அடிமை முறை இருந்தும் பிரியாமல் நின்றவை கென்டக்கி, மிசௌரி, மேரிலேண்ட், டெலவேர் ஆகிய 4 எல்லை மாநிலங்கள்.

இந்த நான்கும்தான் லிங்கனின் கையைக் கட்டிப்போட்டவை. அடிமைகளை விடுவிக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தால், அவையும் எதிரணிக்குப் போய்விடும். அதனால் நாட்டை ஒன்றாக வைப்பதே போரின் நோக்கம் என்றுதான் முதலில் சொன்னார்.

போருக்கு நடுவே நடவடிக்கைகளும் கடுமையாகின. ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார், விசாரணை இல்லாமல் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1863-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு! பணக்காரன் மகன் வீட்டில், ஏழை மகன் போர்க்களத்தில் என்ற கோபத்தில் நியூயார்க் பற்றியெரிந்தது. அந்தக் கோபம் கடைசியில் யார் மீது இறங்கியது தெரியுமா? கறுப்பின மக்கள் மீது.

வீட்டுக்குள்ளும் துக்கம். ஏற்கெனவே ஒரு மகனைப் பறிகொடுத்திருந்த தம்பதிக்கு, 1862 பிப்ரவரியில் 11 வயது மகன் வில்லி வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான். மேரியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர்கள் எதிரணிப் படையில் இருந்தார்கள். அவருடைய தங்கை கணவர் பென் ஹெல்ம், கூட்டமைப்பின் தளபதியாக 1863-ல் சிக்கமாகா சண்டையில் செத்தார். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பதை அதிபரின் சாப்பாட்டு மேசையிலேயே பார்க்க முடிந்தது.

அந்தக் கையெழுத்து

லிங்கனை நகர்த்தியது அவருடைய மனசாட்சி மட்டுமல்ல, அடிமைகளின் கால்களும்தான். 1861 மே மாதமே விர்ஜினியாவில் 3 பேர் தப்பி, மத்தியப் படை வசம் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அங்கிருந்த தளபதி மறுத்தார். செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் படை முகாம்களை நோக்கி நடந்தார்கள். இவர்களை என்ன செய்வது என்று அரசு முடிவெடுத்தே ஆக வேண்டிய நிலை.

லிங்கன் தடுமாறினார் என்பதும் உண்மை. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இழப்பீடு யாருக்கு? உழைத்தவர்களுக்கு இல்லை, எஜமானர்களுக்கு! அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கறுப்பினப் பிரதிநிதிகளை அழைத்து, உங்கள் மக்கள் மத்திய அமெரிக்காவுக்குக் குடிபோகலாமே என்று யோசனை சொன்னார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்து பெரும் பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ் அதைக் கடுமையாக விமர்சித்தார்.

செப்டம்பர் 17-ல் ஆன்டிடெம் சண்டை. ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் மாண்டும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். தென் படை பின்வாங்கியது. இதற்காகத்தான் காத்திருந்தார் லிங்கன். 5 நாள் கழித்து முன்னறிவிப்பு, 1863 ஜனவரி 1-ல் விடுதலைப் பிரகடனம். கிளர்ச்சி செய்யும் பகுதிகளில் உள்ள அடிமைகள் அனைவரும் இனி சுதந்திர மனிதர்கள்.

எல்லை மாநிலங்களில் இருந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது. படைத் தளபதி என்ற போர்க்கால அதிகாரத்தை வைத்துப் போட்ட உத்தரவு என்பதால், எதிரியின் நிலத்தில் மட்டுமே செல்லும். ஆனாலும் அன்று போரின் பொருளே மாறிப்போனது. கறுப்பினத்தவர் படையில் சேர வழி திறந்தது. சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் வெள்ளை வீரர்களைவிடக் குறைவு; சம ஊதியத்துக்கான சட்டம் 1864-ல்தான் வந்தது. லிங்கனை நேரில் சந்தித்து இந்த அநீதியைக் கேட்டவர் அதே டக்ளஸ்தான். விமர்சித்தவரை வரவழைத்துக் கேட்டுக்கொள்ளும் குணம் லிங்கனிடம் இருந்தது. அதுதான் அவரை மாற்றிக்கொண்டே வந்தது.

மான்செஸ்டர், பம்பாய், தூத்துக்குடி

தென் துறைமுகங்களை லிங்கனின் கடற்படை முற்றுகையிட, பருத்தி வெளியே போவது நின்றது. உலகத்துக்கே துணி நெய்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் முக்கால்வாசி அமெரிக்கப் பஞ்சு. ஆலைகள் மூடப்பட்டன, லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன. பசியிலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை முறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்துக் கடிதம் அனுப்பினார்கள். அவரும் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். இன்றும் மான்செஸ்டரில் லிங்கன் சிலை நிற்கிறது.

ஆலை முதலாளிகளின் பார்வை எகிப்து மீதும் இந்தியா மீதும் திரும்பியது. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கும் விலை எகிறி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. தானியம் விளைந்த நிலத்திலும் பருத்தி ஏறியது. பம்பாயில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

1865-ல் போர் முடிந்த செய்தி வந்தது. பருத்தி விலை சரிய, பம்பாய் பங்குச் சந்தை கவிழ்ந்தது. பருத்தி வியாபாரத்தில் கொழித்த பிரேம்சந்த் ராய்சந்தும் அதில் அடிபட்டார். அவர் தன் அம்மா பெயரில் கொடுத்த நன்கொடையில் எழுந்த ராஜாபாய் கோபுரம் இன்றும் மும்பையில் நிற்கிறது. கோபுரம் நின்றது, விவசாயி நிற்க முடியவில்லை. நல்ல விலைக் காலத்தில் தாராளமாகக் கிடைத்த கடன் பிறகு கழுத்தை இறுக்கியது. 1875-ல் தக்காணத்தில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்திய கலவரத்துக்கு இதுவும் ஒரு பின்னணி.

கடைசி ஒரு வாரம்

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகள் போரின் திசையைத் திருப்பின. அந்த நவம்பரில் கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் லிங்கன் பேசியது சில நிமிடங்கள்தான். மக்களாட்சி என்றால் என்ன என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விளக்கம் அந்தப் பேச்சில் வருவது.

1864-ல் மறுபடி ஜெயித்தார். போர்க்கால உத்தரவு போர் முடிந்ததும் செல்லாமல் போய்விடலாம் என்று தெரிந்திருந்ததால், அடிமை முறையை நாடு முழுக்க ஒழிக்கும் 13-வது சட்டத்திருத்தத்துக்காக ஒவ்வொரு உறுப்பினராக ஆதரவு திரட்டினார். 1865 ஜனவரி 31-ல் அது பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது.

ஏப்ரல் 9-ல் தென் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். ஏப்ரல் 11-ல் வெள்ளை மாளிகை ஜன்னலில் நின்று பேசிய லிங்கன், படித்த கறுப்பினத்தவருக்கும் படையில் பணியாற்றியவர்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்றார். கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன் நின்றுகொண்டிருந்தான். ஏப்ரல் 14 இரவு, ஃபோர்ட் நாடக அரங்கில் பின்னால் வந்து சுட்டான். மறுநாள் காலை லிங்கன் உயிர் பிரிந்தது. வயது 56.

போர் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை?

உயிரிழப்பு 6,20,000 என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வு 7,50,000 வரை இருக்கலாம் என்கிறது. குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது.

இன்றைய அமெரிக்காவின் பல தூண்கள் அந்தப் போருக்கு நடுவே நடப்பட்டவை. முதல் வருமான வரி, நாடு முழுக்கச் செல்லும் காகிதப் பணம், கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதைக்கான சட்டம், மாநிலக் கல்லூரிகளுக்கு நிலம், குடியேறுபவர்களுக்கு இலவச நிலம். அந்த இலவச நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அதே நாணயத்தின் மறுபக்கம்.

விடுதலையான 40 லட்சம் பேருக்கு? குடியுரிமை 1868-ல், ஆண்களுக்கு ஓட்டுரிமை 1870-ல் சாசனத்தில் ஏறியது. நிலம் மட்டும் ஏறவில்லை. போரின் கடைசிக் கட்டத்தில் தளபதி ஷெர்மன் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு ஒதுக்கிய நிலங்களை, லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய எஜமானர்களிடமே திருப்பிக் கொடுத்தார். நிலம் இல்லாதவர்கள் அதே வயலில் வாரத்துக்கு உழுது, அதே ஆட்களிடம் கடன்பட்டார்கள். கூலிக்கார விவசாயியின் கதை தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1877-ல் தெற்கிலிருந்து மத்தியப் படை பின்வாங்க, ஓட்டுரிமையும் காகிதத்தில் மட்டும் மிஞ்சியது. கு கிளக்ஸ் கிளான் போன்ற கும்பல்களின் வன்முறை, தனிப் பள்ளி, தனி இருக்கை. இவற்றைச் சட்டப்படி உடைக்க 1964, 1965 வரை, அதாவது போர் முடிந்து சரியாக 100 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தோற்ற தரப்பின் தளபதிகளுக்கு ஊர் ஊராகச் சிலைகள் எழுந்ததும் இந்த இடைவெளியில்தான். அந்தச் சிலைகளை எடுக்கலாமா கூடாதா என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

லிங்கன் பிறவியிலேயே விடுதலை வீரர் இல்லை. இன சமத்துவத்தில் தயங்கியவர், பேரம் பேசியவர், சில இடங்களில் தவறியவர். ஆனால் தப்பி ஓடிவந்த அடிமைகளும், விமர்சித்த டக்ளஸும், களத்தில் நின்ற கறுப்பின வீரர்களும் தள்ளத் தள்ள, அவர் பின்வாங்காமல் முன்னால் நகர்ந்தார். 1787-ல் தள்ளிப்போட்ட ஒரு அநீதிக்கான கணக்கை 1861-ல் ஒரு தலைமுறை உயிரால் கட்டியது. 1865-ல் பாதியில் விட்ட மிச்சத்தை அமெரிக்கா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.